பாதுகாப்பை விற்பவர்கள் எப்படிப் பேச வேண்டும்? சைபர் பாதுகாப்பு நிறுவனங்களும் மக்கள் தொடர்பும்

நம் குடும்பங்களில் பலர் கடை வைத்திருக்கிறார்கள், டிராவல்ஸ் நடத்துகிறார்கள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, அறக்கட்டளை நிர்வாகங்களில் பொறுப்பில் இருக்கிறார்கள். பயணிகளின் பாஸ்போர்ட் நகல், மாணவர்களின் ஆதார் எண், நோயாளிகளின் பரிசோதனை முடிவு, கடன் கொடுக்கல் வாங்கல் கணக்கு என எல்லாமே இன்று கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. இவற்றைப் பராமரிக்கும் பொறுப்பைப் பெரும்பாலானோர் வெளியில் உள்ள ஓர் ஐ.டி. சேவை நிறுவனத்திடம் கொடுத்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகளில் பலர் அத்தகைய நிறுவனங்களில்தான் வேலை பார்க்கிறார்கள். சிலர் நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாகவே தொடங்கியிருக்கிறார்கள்.

இந்த நிறுவனங்கள் இப்போது சர்வர் பராமரிப்போடு சைபர் பாதுகாப்பையும் சேர்த்து விற்கின்றன. அப்படி விற்பவர்கள் மக்களிடம் எப்படிப் பேச வேண்டும், எதைச் சொல்லக் கூடாது, தாக்குதல் நடந்துவிட்டால் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் மக்கள் தொடர்பு என்ற துறைக்குள் வருகின்றன. தொழில் செய்பவர்களுக்கு மட்டுமின்றி, அவர்களை நம்பித் தகவல்களை ஒப்படைத்திருக்கும் நமக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

மக்கள் தொடர்பு என்றால் என்ன?

விளம்பரத்துக்கு நாம் காசு கொடுத்து இடம் வாங்குகிறோம். அதில் நம் பெருமையை நாமே சொல்லிக்கொள்கிறோம். மக்கள் தொடர்பு என்பது வாடிக்கையாளர், ஊழியர், பத்திரிகையாளர், அரசு அமைப்பு ஆகியோரின் நம்பிக்கையைச் சம்பாதித்து, அதைக் காப்பாற்றிக்கொள்ளும் தொடர் வேலை. செய்திக்குறிப்பு அனுப்புவது அதில் ஒரு சிறு பகுதிதான். பத்திரிகைக்கு எழுதும் கட்டுரை, வாடிக்கையாளருக்கு அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம், இணையதளத்தில் உள்ள வாக்குறுதிகள், நெருக்கடி நேரத்தில் போனை எடுத்துப் பேசுபவரின் பதில் என எல்லாமே அதில் அடங்கும்.

மற்றத் தொழில்களுக்கு இல்லாத சில சிக்கல்கள் இந்தத் தொழிலுக்கு உண்டு.

முதலாவது, வாங்கும் பொருள் கண்ணுக்குத் தெரியாது. துணி வாங்கினால் தொட்டுப் பார்க்கலாம். பாதுகாப்பு சரியாக இருந்தால் எதுவுமே நடக்காது. ஆண்டு முழுக்க எதுவும் நடக்காததற்குக் காரணம் நிறுவனத்தின் உழைப்பா, அதிர்ஷ்டமா என்று வாடிக்கையாளரால் சொல்ல முடியாது. ஆகவே அவர் சொல்லை நம்பித்தான் வாங்குகிறார்.

இரண்டாவது, செய்த வேலையை வெளியில் சொல்ல முடியாது. எந்த மருத்துவமனையில் எந்த ஓட்டையை அடைத்தோம் என்று பெயரோடு எழுதினால், அது திருடனுக்குக் கொடுக்கும் வரைபடமாகிவிடும். வாடிக்கையாளரோடு போட்ட ஒப்பந்தமும் பெரும்பாலும் அதை அனுமதிக்காது.

மூன்றாவது, ஐ.டி. சேவை நிறுவனம் ஒன்று உடைந்தால் அதன் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் உடைகிறார்கள். நூறு வீட்டுச் சாவியை ஒரே கொத்தாக வைத்திருப்பவர் வீட்டில் திருடு போவதைப் போன்றது இது.

பயத்தை விற்பதும் முழு உத்தரவாதம் தருவதும்

கண்ணுக்குத் தெரியாததை விற்பதற்குச் சுலபமான வழி பயமுறுத்துவது. அடுத்தபடியாக, ‘நூறு சதவீதப் பாதுகாப்பு’ என்று அடித்துச் சொல்வது. இரண்டுமே இந்தத் துறையில் அதிகம்.

அமெரிக்காவின் லைஃப்லாக் நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல பாடம். தனிநபர் அடையாளத் திருட்டைத் தடுக்கும் சேவையை விற்ற நிறுவனம் அது. அதன் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த டாட் டேவிஸ், தம் சமூகப் பாதுகாப்பு எண்ணையே விளம்பரங்களில் பெரிதாக எழுதிக் காட்டினார். நம் ஊரில் ஒருவர் தம் ஆதார் எண்ணைப் போஸ்டரில் அச்சிட்டு ஒட்டுவதைப் போன்ற செயல். என் சேவை அவ்வளவு உறுதியானது என்பது அதன் பொருள். ஆனால் அந்த எண்ணைப் பயன்படுத்தி மோசடிக்காரர்கள் அவர் பெயரில் 13 முறை கணக்கு தொடங்கிவிட்டதாக 2010இல் செய்தி வெளியானது. அதே ஆண்டு, பொய்யான விளம்பர வாக்குறுதிகள் தொடர்பாக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துக்கும் 35 மாநிலங்களுக்குமாக 1.2 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. அப்போது பிறப்பிக்கப்பட்ட உத்தரவை மீறியதாக எழுந்த குற்றச்சாட்டில் 2015இல் மேலும் 10 கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது.

இணையதளத்தில் எழுதிவைக்கும் சாதாரண வரிகளும் இப்படித் திரும்பி வரலாம். சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் ஓரியன் என்ற தயாரிப்பில் ஹேக்கர்கள் நுழைந்து, அதன் அப்டேட்டுக்குள்ளேயே தீய நிரலைக் கலந்தனர். 2020 டிசம்பரில் இது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த அப்டேட்டை 18,000க்கும் சற்றுக் குறைவான வாடிக்கையாளர்கள் நிறுவியிருக்கலாம் என்று நிறுவனமே தெரிவித்தது. பிறகு 2023 அக்டோபரில் அமெரிக்காவின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனத்தின் மீதும் அதன் பாதுகாப்பு அதிகாரி மீதும் வழக்குத் தொடர்ந்தது. பாஸ்வேர்டு நடைமுறைகள் கடுமையாகப் பின்பற்றப்படுகின்றன என்றெல்லாம் நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு ‘பாதுகாப்பு அறிக்கை’ இருந்தது; உள்ளே ஊழியர்கள் எழுதிக்கொண்டவையோ வேறு மாதிரி இருந்தன என்பது ஆணையத்தின் வாதம். 2024 ஜூலையில் நீதிமன்றம் பெரும்பாலான குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தது. அந்த இணையதள அறிக்கை பற்றிய குற்றச்சாட்டை மட்டும் விசாரணைக்கு உரியதாக விட்டுவைத்தது. 2025 நவம்பரில் ஆணையமே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனாலும் இரண்டு ஆண்டுகள் நீதிமன்றப் படியேறக் காரணமாக இருந்தவை, இணையதளத்துக்காக எழுதப்பட்ட சில பத்திகள்.

இதே நிறுவனம் இன்னொரு விஷயத்திலும் பெயரைக் கெடுத்துக்கொண்டது. ‘சோலார்விண்ட்ஸ்123’ என்ற எளிய பாஸ்வேர்டு இணையத்தில் வெளிப்படையாகக் கிடந்தது பற்றி 2021 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கேட்டபோது, அது பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞரின் தவறு என்று முன்னாள் தலைமை அதிகாரி பதில் சொன்னார். பெரிய பொறுப்பில் இருந்தவர் மிகச் சிறிய இடத்தில் இருந்தவரைக் கைகாட்டியதைத்தான் மக்கள் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

தாக்குதல் நடந்த பிறகு: நான்கு நிறுவனங்கள், நான்கு விதம்

1. ஃபயர்ஐ (2020). சோலார்விண்ட்ஸ் விவகாரத்தைக் கண்டுபிடித்ததே இந்தச் சைபர் பாதுகாப்பு நிறுவனம்தான். அதற்கு முன், தான் ஹேக் செய்யப்பட்டதை டிசம்பர் 8ஆம் தேதி தானே முன்வந்து அறிவித்தது. தங்கள் சோதனைக் கருவிகள் திருடுபோயின என்பதைத் தலைமை அதிகாரி கெவின் மாண்டியா தம் பெயரிலேயே எழுதினார். அந்தக் கருவிகளைக் கொண்டு மற்றவர்கள் தாக்கப்படாமல் இருக்க, அவற்றைக் கண்டறிந்து தடுக்கும் 300க்கும் மேற்பட்ட வழிமுறைகளை இலவசமாக வெளியிட்டார்கள். மறுநாள் நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. ஐந்து நாள் கழித்து, உலகம் அறியாத பெரிய ஊடுருவலைக் கண்டுபிடித்தது இவர்கள்தான் என்று தெரியவந்ததும் நிலைமை மாறியது. அம்மாத இறுதிக்குள் விலை இழந்ததைவிட அதிகமாகவே ஏறிவிட்டது. திருடுபோனதை மறைத்திருந்தால் பின்னால் செய்த கண்டுபிடிப்பின் பெருமையும் சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கும்.

2. கசேயா (2021). சிறு ஐ.டி. சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களைத் தொலைவிலிருந்து பராமரிக்க உதவும் மென்பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் இது. ஜூலை 2ஆம் தேதி, அமெரிக்காவில் சுதந்திர தின விடுமுறை தொடங்கும் நேரம் பார்த்து, ரெவில் என்ற ரான்சம்வேர் கும்பல் இதன் வழியே தாக்கியது. நேரடியாகப் பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் சுமார் 60 பேர். அவர்கள் வழியாக 1,500 வரையிலான தொழில்கள் பாதிக்கப்பட்டதாக நிறுவனம் மதிப்பிட்டது. ஸ்வீடனில் கூப் என்ற பல்பொருள் அங்காடி, பில் போடும் இயந்திரம் இயங்காததால் சுமார் 800 கிளைகளில் பெரும்பாலானவற்றை மூட வேண்டியதாயிற்று. கூப், கசேயாவின் நேரடி வாடிக்கையாளரே அல்ல. சர்வர்களை உடனே அணைத்துவிடுங்கள் என்று கசேயா விரைந்து அறிவித்ததும், தலைமை அதிகாரியே வீடியோவில் தோன்றி நிலைமையைச் சொன்னதும் நல்லவை. ஆனால் சேவை இந்த நாளில் திரும்பிவிடும் என்று அறிவித்துவிட்டு நாளைத் தள்ளிப்போட நேர்ந்தது. உறுதியாகத் தெரியாத நேரக் கெடுவைச் சொல்லாமல் இருப்பதே மேல்.

3. ஆக்டா (2022, 2023). ஊழியர்கள் அலுவலகக் கணக்குகளில் உள்நுழையும் முறையைக் கையாளும் நிறுவனம். 2022 ஜனவரியில் இதன் துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வழியாக ஊடுருவல் நடந்தது. மார்ச் மாதம் லாப்சஸ் என்ற கும்பல் ஸ்கிரீன்ஷாட்களை வெளியிட்ட பிறகுதான் ஆக்டா பேசியது. முதலில் 366 வாடிக்கையாளர்கள் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது. விசாரணை முடிவில் உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் இருவர்தான், அதுவும் 25 நிமிடங்கள்தான் என்று தெரிந்தது. சேதம் சிறிது. தாமதத்தால் ஏற்பட்ட அவநம்பிக்கையோ பெரிது. 2023 இலையுதிர் காலத்தில் மறுபடி ஒரு ஊடுருவல். அக்டோபர் 2ஆம் தேதியே வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்று சந்தேகத்தைத் தெரிவித்திருந்தது. நவம்பர் தொடக்கத்தில் 134 வாடிக்கையாளர்கள், அதாவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று சொன்னார்கள். அந்த மாத இறுதியில், வாடிக்கையாளர் உதவி அமைப்பைப் பயன்படுத்திய அனைவரின் பெயரும் மின்னஞ்சலும் எடுக்கப்பட்டுவிட்டதாகத் திருத்த வேண்டி வந்தது. சிறிய எண்ணைச் சொல்லி ஆறுதல் படுத்திவிட்டுப் பிறகு கூட்டிக்கொண்டே போவது, சொன்ன எல்லாவற்றையும் சந்தேகிக்க வைத்துவிடும்.

4. கிரவுட்ஸ்டிரைக் (2024). ஜூலை 19 அன்று இந்தப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய தவறான அப்டேட் ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஊருக்குப் போகவும் வளைகுடாவுக்குத் திரும்பவும் விமானத்தை நம்பியிருக்கும் நம் குடும்பங்களுக்கு அந்த நாள் மறந்திருக்காது. இது சைபர் தாக்குதல் அல்ல, காரணம் கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்படுகிறது என்று தலைமை அதிகாரி ஜார்ஜ் கர்ட்ஸ் முதலில் எழுதினார். தகவல் சரியானதுதான், ஆனால் அதில் மன்னிப்பு என்ற சொல்லே இல்லை என்று கண்டனம் எழுந்தது. அதே நாளில் தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டார். சில நாள் கழித்து, கூடுதல் வேலை செய்த கூட்டு நிறுவனத்தாருக்கு 10 டாலர் உணவுக் கூப்பன் அனுப்பி, அதுவும் சிலருக்கு வேலை செய்யாமல் போய், கேலிக்கு ஆளானார்கள். ஆனால் ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில், ‘மிகப் பெரிய சொதப்பல்’ என்று கொடுத்த கேலி விருதை நிறுவனத் தலைவர் மைக்கேல் செண்டோனாஸ் நேரில் மேடையேறி வாங்கினார். தப்பு நடந்தால் ஒப்புக்கொள்ள வேண்டும், எங்கள் ஊழியர்கள் தினமும் பார்க்கும்படி இதை அலுவலகத்தில் வைப்போம் என்றார். அந்தச் செயலுக்குப் பாராட்டு கிடைத்தது.

இந்தச் சம்பவத்தில் இன்னொரு ஆபத்தும் தெரிந்தது. கம்ப்யூட்டரைச் சரிசெய்து தருகிறோம் என்று போலி இணையதளங்களும் மின்னஞ்சல்களும் உடனே முளைத்தன. இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பும் இது குறித்து எச்சரித்தது. நிறுவனம் பேசாமல் இருக்கும் இடைவெளியில் மோசடிக்காரன் பேச ஆரம்பித்துவிடுகிறான்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

பேசுவதா வேண்டாமா என்பதை நிறுவனத்தின் விருப்பத்துக்கே சட்டம் விட்டுவிடவில்லை. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகை சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரையும், கசிவைத் தெரிவிக்காவிட்டால் 200 கோடி ரூபாய் வரையும் அபராதம் விதிக்க வழிசெய்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பாதிக்கப்பட்ட தனிநபருக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்பது இதன் முக்கிய அம்சம்.

சிங்கப்பூரில், சில வகைச் சைபர் பாதுகாப்புச் சேவைகளை விற்பதற்கே 2022 முதல் உரிமம் தேவை. மலேசியாவிலும் 2024ஆம் ஆண்டின் சட்டம் உரிம முறையைக் கொண்டுவந்துள்ளது. அங்கே தொழில் செய்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

2024 ஜூலை இறுதியில் நடந்தது ஒன்றை இங்கே நினைவுகூரலாம். கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டார கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை வழங்கும் சி-எட்ஜ் நிறுவனத்தை ரான்சம்வேர் தாக்கியது. தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அந்த நிறுவனத்தைத் தன் கட்டமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணம் அனுப்ப முடியாமல் போனது. கழகம் தான் எடுத்த நடவடிக்கையையும் யாருக்கெல்லாம் சேவை தடைபடும் என்பதையும் அன்றே வெளிப்படையாக அறிவித்தது. மறுநாள் இணைப்பு திரும்பியதையும் அறிவித்தது. வங்கிக் கவுன்டரில் நிற்கும் முதியவருக்கு சி-எட்ஜ் என்ற பெயரே தெரியாது. அவர் கேள்வி கேட்பது கவுன்டரில் இருக்கும் ஊழியரிடம்தான். ஆகவே, நேரடி வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்வதோடு சேவை நிறுவனத்தின் கடமை முடிவதில்லை. அந்த வாடிக்கையாளர் தன்னிடம் வருபவருக்கு என்ன பதில் சொல்லலாம் என்பதையும் எளிய வார்த்தைகளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சிறு நிறுவனம் நடத்தும் நம் இளைஞர்களுக்கு

பெரிய மக்கள் தொடர்பு ஏஜென்சியை அமர்த்தும் வசதி சிறு நிறுவனங்களுக்கு இருக்காது. அதற்குத் தேவையும் இல்லை. சாதாரண நாட்களில் செய்ய வேண்டியவை இவை:

• மாதம் ஒருமுறையாவது வாடிக்கையாளருக்குப் பயன்படும் எச்சரிக்கையைத் தமிழில் எழுதி அனுப்புங்கள். புதிதாக வந்திருக்கும் போலிச் செயலி, கூரியர் மோசடி, வங்கி பெயரில் வரும் லிங்க் போன்றவை. உங்கள் சேவையை விற்கும் வரி அதில் வேண்டாம்.

• உள்ளூர் வணிகர் சங்கம், பள்ளி நிர்வாகம் ஆகியவற்றில் அரை மணி நேரம் பேச முன்வாருங்கள். பத்திரிகையாளருக்குச் சந்தேகம் வந்தால் அழைக்கக்கூடிய ஆளாக இருங்கள்.

• வாடிக்கையாளர் பெயரை எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எங்கும் போடாதீர்கள். அனுமதி கிடைத்தாலும் எந்த மென்பொருள், எந்தக் கருவி என்ற விவரம் வேண்டாம்.

• இன்னொரு நிறுவனம் தாக்கப்பட்ட நாளில் ‘எங்களிடம் வந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது’ என்று பதிவு போடாதீர்கள். அடுத்த வாரம் அந்த இடத்தில் நீங்கள் இருக்கலாம்.

• இணையதளத்தில் உள்ள ஒவ்வொரு வாக்குறுதியையும் வேலை செய்யும் பொறியாளரிடம் காட்டி, இது உண்மையா என்று கேளுங்கள். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

நெருக்கடிக்கு முன்கூட்டியே தயாராக வேண்டியவையும் உண்டு. வாடிக்கையாளர்களின் போன் எண்கள் ஒரு காகிதத்தில் அச்சாகி இருக்கட்டும். ரான்சம்வேர் தாக்கினால் மின்னஞ்சலும் சேர்ந்து முடங்கும். வெளியில் பேசப் பொறுப்பான ஒருவரை முடிவு செய்யுங்கள். வழக்கறிஞரின் எண் கையில் இருக்கட்டும். முதல் அறிவிப்பின் வரைவை இப்போதே எழுதி வையுங்கள். அதில் ஐந்து விஷயங்கள் போதும்: என்ன நடந்தது, இதுவரை உறுதியானது என்ன, இன்னும் தெரியாதது என்ன, நீங்கள் இப்போது செய்ய வேண்டியது என்ன, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும். புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் சொன்ன மணிக்கு அடுத்த தகவலை அனுப்ப வேண்டும்.

சொல்லும் வரிசையும் முக்கியம். பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர் தன் பிரச்சினையைச் செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது. வார்த்தையிலும் கவனம் தேவை. ‘தரவு திருடப்படவில்லை’ என்பதும் ‘தரவு திருடப்பட்டதற்கான தடயம் இதுவரை கிடைக்கவில்லை’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதை மட்டுமே தெரிந்துகொண்டு முதலாவதைச் சொல்பவர் பொய் சொல்கிறார்.

சேவை வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள்

கடை, பள்ளி, டிராவல்ஸ், அறக்கட்டளை நடத்துபவர்கள் ஒப்பந்தம் போடும் முன் இவற்றைக் கேட்கலாம்:

1. ஐ.எஸ்.ஓ. 27001 சான்றிதழ் இருப்பதாகச் சொன்னால், அது எந்த அலுவலகத்துக்கு, எந்தச் சேவைக்கு, எந்தத் தேதி வரை? சான்றிதழில் அதன் எல்லை எழுதப்பட்டிருக்கும்.

2. செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கையாளர் என்று சொன்னால், அந்த அமைப்பின் இணையதளப் பட்டியலில் பெயர் இருக்கிறதா? பட்டியல் பொதுவெளியில் உள்ளது.

3. எங்கள் தகவல் கசிந்தால் எத்தனை மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்வீர்கள்? இதை ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா?

4. பேக்கப்பிலிருந்து தகவலை மீட்டுக் கடைசியாகச் சோதித்துப் பார்த்தது எப்போது?

5. எங்கள் கம்ப்யூட்டருக்குள் வர உங்கள் ஊழியர்கள் எத்தனை பேருக்கு அனுமதி உண்டு? வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை எப்போது நீக்குவீர்கள்?

6. இதுவரை உங்களுக்குத் தாக்குதல் நடந்ததுண்டா? நடந்தபோது என்ன செய்தீர்கள்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கூர்ந்து கவனியுங்கள். எங்களுக்கு எப்போதும் எதுவும் நடக்காது என்பவரைவிட, இன்ன நாளில் இது நடந்தது, இப்படிச் சரிசெய்தோம், இப்போது இதை மாற்றியிருக்கிறோம் என்று விவரமாகச் சொல்பவரை நம்பலாம்.

பிறர் நம்மிடம் ஒப்படைத்த பாஸ்போர்ட் நகலும் பரிசோதனை முடிவும் அமானிதம்தான். அதைப் பராமரிக்க நாம் யாரை அமர்த்தினாலும், கொடுத்தவர் வந்து கேட்கப்போவது நம்மிடம்தான். பணமோசடி நடந்துவிட்டதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு கூடும்.